எண்ணிக்கையும் உரிமையும்

ஜனநாயகம் எண்ணிக்கையின் வழி நடப்பது. எத்துணை நுண்ணிய கோட்பாடுகளால் அதனை விளக்கினும், இறுதியில் வாக்குச்சீட்டுகள் எண்ணப்படுகின்றன. கூடிய தொகையைப் பெற்றவர் ஆளுகின்றார். உரிமை என்னும் கருத்தோ எண்ணிக்கைக்கு அடங்க மறுப்பது. ஒருவன் தனித்து ஒரு பக்கத்திலும் ஊரெல்லாம் மறுபக்கத்திலும் நின்றபோதிலும், அவனுக்குரியது அவனுக்கே உரியது என்பது அதன் உட்கிடை. இவ்விரண்டையும் ஒருங்கே போற்றுபவரே தாராண்மைவாதி எனப்படுகின்றார். இரண்டும் தம்முள் முரணும்போது அவர் படும் இடர்ப்பாடு பெரிது. ஐக்கிய அமெரிக்காவிலே தன்பாலீர்ப்பினரின் உரிமைகள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகத் தேர்தற் களத்தில் அடைந்த ஏற்றத்தாழ்வுகள் அவ்விடர்ப்பாட்டைத் தெளிவுறக் காட்டுவன.

கலிபோர்ணியா மாநிலத்தில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வாக்களிப்பு அனுபவத்தை இதற்கு உரைகல்லாகக் கொள்ளலாம். அவருடைய பெயர் முக்கியமன்று. அவரைப் போன்றோர் அம்மாநிலத்தில் மிகப் பலர் உளர். தொழிற்சங்க உறுப்பினர், வழக்கமாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பவர், கட்சியின் மீது பெருநம்பிக்கை வைக்காதவர். மற்றெந்த மாநிலத்தையும் விடக் கலிபோர்ணியா இங்கு பொருத்தமானது என்பதற்குக் காரணமுண்டு. 1911 ஆம் ஆண்டு தொட்டு அங்கு பொதுமக்கள் போதிய கையொப்பங்களைத் திரட்டி, ஒரு சட்டத்தை நேரடியாகவே வாக்கெடுப்புக்கு விட முடியும். சட்டசபையும் ஆளுநரும் அதனைத் தடுத்தல் இயலாது. அவ்வாறு வைக்கப்படும் பிரேரணைகள் வாக்குச்சீட்டிலே இலக்கமிட்டுக் குறிக்கப்படும். தன்பாலீர்ப்பினரின் வாழ்வைத் தொட்ட நான்கு பிரேரணைகளுக்கு அந்த ஆசிரியை வாக்களித்திருக்கின்றார். நான்கும் நான்கு பாடங்கள்.

முதலாவது, 1978 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7 ஆந் திகதி வாக்கெடுப்புக்கு வந்த ஆறாம் இலக்கப் பிரேரணை. அதற்கு முந்திய ஆண்டிலே புளோரிடா மாநிலத்தின் டேட் பிரதேசத்தில், தன்பாலீர்ப்பினருக்கு எதிரான பாகுபாட்டைத் தடுத்த ஒரு சட்டவிதி, பாடகி அனிற்றா பிறயன்ற் முன்னின்று நடத்திய இயக்கத்தின் விளைவாக, மக்கள் வாக்கினால் நீக்கப்பட்டிருந்தது. அவ்வெற்றி தந்த ஊக்கத்தினால், ஜோன் பிறிக்ஸ் என்னும் மாநிலச் செனற்றர், பொதுப் பாடசாலைகளில் தன்பாலீர்ப்பினர் ஆசிரியராகப் பணியாற்றுவதைத் தடைசெய்யும் பிரேரணையைக் கொண்டுவந்தார். அதன் வாசகங்கள் தன்பாலீர்ப்பினரோடு நின்றுவிடவில்லை. மாணவர் அறியத்தக்க வகையில் அத்தகைய வாழ்வை ஆதரித்துப் பேசும் எந்த ஆசிரியரையும் பணியிலிருந்து நீக்குவதற்கு அது இடமளித்தது.

ஆசிரியைக்கு அப்பொழுது 22 வயது. பணியில் அமர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அதே பாடசாலையிற் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், தாம் தன்பாலீர்ப்பினர் என்பதைத் தமக்கு மிக நெருங்கியோரிடம் மாத்திரம் கூறியிருந்தார். பிரேரணை நிறைவேறின் அவர் வேலை இழப்பார். அவருக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேசினால் இவரும் இழக்கலாம். பிறருடைய உரிமையைப் பறிக்கும் சட்டம், அதனைக் கண்டிப்பவரின் நாவையும் கட்டிவிட முனையும் என்பதை இளவயதிலேயே அவர் உணர்ந்துகொண்டார்.

பிரேரணை தொடக்கத்தில் வெற்றிபெறும் போலவே தோன்றிற்று. அதனைத் தோற்கடித்தவை இரண்டு. ஒன்று, சான் பிரான்சிஸ்கோ நகரின் ஆட்சிச் சபைக்கு 1977 இல் தெரிவான ஹாவி மில்க் முதலியோர் நடத்திய இயக்கம். தன்பாலீர்ப்பினர் தம்மை மறைத்துக்கொள்ளாது, பெற்றோரிடத்தும் அயலவரிடத்தும் உடன் பணிபுரிவோரிடத்தும் தம்மை வெளிப்படுத்துதல் வேண்டும் என மில்க் இடையறாது வற்புறுத்தினார். முகமறியாதவரை வெறுப்பது எளிது, அறிந்தவரை வெறுப்பது கடினம் என்பது அவ்வியக்கத்தின் அடிப்படை. மற்றையது எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. குடியரசுக் கட்சியின் வலதுசாரிகளது நம்பிக்கைக்குரியவரும் முன்னாள் ஆளுநருமான றொனால்ட் றீகன் பிரேரணையைப் பகிரங்கமாக எதிர்த்தார். ஜனாதிபதி கார்ட்டரும் ஆளுநர் பிறவுனும் எதிர்த்தனர். 58 சதவீதத்தினர் எதிர்த்து வாக்களிக்கப் பிரேரணை தோற்றது. இருபது நாள்களின் பின்னர், நவம்பர் 27 ஆந் திகதி, ஹாவி மில்க்கும் நகரபிதா ஜோர்ஜ் மொஸ்கோனியும் நகர மண்டபத்திலேயே முன்னாள் சபை உறுப்பினர் ஒருவராற் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

கணித ஆசிரியர் வேலை இழக்கவில்லை. ஆயினும் முடிவு வெளியான மறுநாள் அவர் ஆசிரியையிடம் கூறியது வேறு: கடைத்தெருவில் எதிர்ப்படும் ஐவரில் இருவர் தம்மை வகுப்பறையிலிருந்து அகற்ற விரும்புகின்றனர் என்பது இப்பொழுது கணக்காகவே தெரிந்துவிட்டது என்றார். தேர்தல்கள் பற்றி ஆசிரியையின் முதலாவது கருத்து அன்று உருவானது. ஒரு மனிதன் தொழில் செய்து வாழலாமா என்பதை ஊராரிடம் வாக்குக்கு விடுதலே தவறு; வாக்கெடுப்பில் அவன் வென்றாலும் அவமானம் அவனுடையதே.

இக்கருத்துக்கு அம்மாநிலத்தின் வரலாறே சான்று பகர்ந்தது. 1964 ஆம் ஆண்டிலே, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறவேற்றுமை பாராட்டலாகாது என்ற சட்டத்தைக் கலிபோர்ணிய வாக்காளரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் செயலிழக்கச் செய்தனர். ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1967 இல் அவ்வாக்கெடுப்பின் விளைவை அரசியலமைப்புக்கு முரணானதென நிராகரித்தது. அதே ஆண்டில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான திருமணத்தைத் தடைசெய்த மாநிலச் சட்டங்களையும் அந்நீதிமன்றம் ஒழித்தது. மறு ஆண்டில் கலப் நிறுவனம் எடுத்த கணிப்பில், அத்தகைய திருமணங்களை ஏற்றுக்கொண்டோர் 20 சதவீதத்தினரே. மக்களின் மனமாற்றத்துக்காக நீதிமன்றம் காத்திருந்திருப்பின் ஒரு தலைமுறை காத்திருக்க நேர்ந்திருக்கும்.

ஆனால் நீதிமன்றத்தையே முற்றிலும் நம்பியிருத்தலும் இயலாதென்பதை 1980 களின் அனுபவம் காட்டிற்று. தம் நண்பரின் வேலையைக் காப்பாற்ற உதவிய றீகனுக்கு எதிராகவே ஆசிரியை 1980 இலும் 1984 இலும் வாக்களித்தார். 1981 யூன் மாதத்தில் முதன்முதல் அறிவிக்கப்பட்ட எயிட்ஸ் நோய் நகரங்களிற் பரவிய வேளையில், அதனைப் பற்றிய தமது முதலாவது பேருரையை றீகன் ஆற்றியது 1987 ஆம் ஆண்டு மே மாதத்திலேயே. 1989 இல் அந்நாட்டிற் பதிவான நோயாளர் தொகை ஓரிலட்சத்தைத் தாண்டியிருந்தது. இடையில், 1986 இல், வயதுவந்த இருவர் தம் வீட்டினுள்ளே கொள்ளும் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் ஜோர்ஜியா மாநிலச் சட்டம் செல்லுபடியாகும் என உயர் நீதிமன்றம் 5 க்கு 4 என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. ஒரேயொரு நீதியரசரின் மனம் மாறியிருந்தாற் போதும். நீதியரசரை நியமிப்பவர் ஜனாதிபதி. அதனை உறுதிசெய்வது செனற் சபை. எண்ணிக்கைக்கு அப்பாற்பட்டதாகக் கருதப்பட்ட நீதிமன்றமும் ஈற்றில் வாக்குச்சீட்டின் வழியாகவே உருவாகின்றது என்பது ஆசிரியைக்குப் புலனாயிற்று. எனவே வாக்களியாதிருத்தல் தூய்மையன்று என்பது அவரது இரண்டாவது கருத்தாயிற்று.

இவ்விரண்டாவது கருத்தே அவரை நண்பரோடு நெடுங்காலம் வாதிட வைத்தது. 1992 இல் இருவரும் பில் கிளின்ரனுக்கு வாக்களித்தனர். தன்பாலீர்ப்பினர் இராணுவத்தில் வெளிப்படையாகப் பணியாற்ற வழிசெய்வேன் என வாக்குறுதி அளித்திருந்தவர் அவர். 1993 இல் கிடைத்ததோ, தம்மை மறைத்துக்கொள்பவர் மாத்திரம் பணியிலிருக்கலாம் என்ற இணக்கப்பாடு. 1996 இல், திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது மட்டுமே என மத்திய அரசின் அளவில் வரையறுத்த சட்டம், பிரதிநிதிகள் சபையில் 342 க்கு 67 என்றும், செனற் சபையில் 85 க்கு 14 என்றும் நிறைவேறியது. செப்டெம்பர் 21 ஆந் திகதி கிளின்ரன் அதிற் கையொப்பமிட்டார். தேர்தலுக்கு ஏழு வாரங்களும் இருக்கவில்லை.

நண்பர் அவ்வாண்டு ஜனாதிபதிக்குரிய இடத்தை வெறுமையாகவே விட்டார். தம்மை விற்றவருக்குத் தாமே விலையும் கொடுப்பதா என்பது அவர் கேள்வி. ஆசிரியை வாக்களித்தார். அவருக்கு அதில் மகிழ்ச்சியில்லை. மாற்றுக் கட்சி ஆட்சிக்கு வரின் நியமனங்கள் இதனினும் மோசமாகும் என்பதே அவர் நியாயம். பின்னாளில் அந்நியாயமும் முழுமையானதன்று என வரலாறு காட்டியது. றீகன் முதலில் முன்மொழிந்த றொபேட் போர்க்கைச் செனற் சபை 1987 இல் நிராகரித்தமையால் அவ்விடத்துக்கு வந்தவர் அந்தனி கெனடி. 2003 இல் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய சட்டங்களை ஒழித்த தீர்ப்பையும், 2015 இல் ஒருபாலார் திருமணத்தை நாடெங்கும் உரிமையாக்கிய தீர்ப்பையும் எழுதியவர் அவரே. ஆசிரியை எதிர்த்து வாக்களித்த ஜனாதிபதி நியமித்த நீதியரசர், ஆசிரியை விரும்பியதைச் செய்தார். ஆசிரியை ஆதரித்த ஜனாதிபதி அவர் வெறுத்த சட்டத்திற் கையொப்பமிட்டார். வாக்கின் விளைவு நேர்கோட்டிற் செல்வதன்று. எனினும் போர்க்கை நிராகரித்த செனற் சபையும் வாக்காளர் தெரிந்தெடுத்ததே என்பதை அவர் நண்பருக்கு நினைவூட்டத் தவறவில்லை.

2000 ஆம் ஆண்டு இவ்வாதம் கூர்மையடைந்தது. மார்ச் மாதத்தில் இரண்டாவது பிரேரணை வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான திருமணமே கலிபோர்ணியாவிற் செல்லுபடியாகும் என ஆங்கிலத்தில் 14 சொற்களிற் கூறிய இருபத்திரண்டாம் இலக்கப் பிரேரணை 61 சதவீத ஆதரவுடன் நிறைவேறியது. நவம்பரில் நண்பர் மூன்றாமவரான றால்ப் நேடருக்கு வாக்களித்தார். அந்நாட்டில் ஜனாதிபதியைத் தெரிவுசெய்வது 538 தேர்வாளர் கொண்ட குழு. பெரும்பாலான மாநிலங்களில் முதலிடம் பெறுபவருக்கே அம்மாநிலத் தேர்வாளர் அனைவரும் உரியர். கலிபோர்ணியாவில் ஜனநாயகக் கட்சியின் வெற்றி உறுதியாகையால், தம் வாக்கு எவருக்கும் தீங்கு செய்யாதென நண்பர் வாதிட்டார். அவர் கூற்றில் உண்மையிருந்தது. ஆனால் அதே எண்ணத்தைப் புளோரிடாவிற் கொண்டிருந்தோரும் இருந்தனர். அங்கு புஷ் வென்றது 537 வாக்குகளால். நேடர் பெற்றவை 97,000 இற்கும் அதிகம். நாடளாவிய ரீதியில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளைக் கூடுதலாகப் பெற்ற அல் கோர் தோற்றார். எண்ணிக்கையின் ஆட்சி எனப்படுவதிலும் எல்லா வாக்குகளும் ஒரே நிறையுடையனவல்ல என்பதை அத்தேர்தல் உணர்த்திற்று.

மூன்றாவது பிரேரணை வந்த நாள் 2008 நவம்பர் 4. அவ்வாண்டு மே மாதத்திற் கலிபோர்ணிய உயர் நீதிமன்றம் முந்திய தடையை நீக்கியிருந்தது. யூன் முதல் ஏறத்தாழ 18,000 ஒருபால் இணையர் திருமணம் செய்துகொண்டனர். நண்பரும் அவருடைய நெடுநாளைய துணைவரும் அவர்களுள் அடங்குவர். ஆசிரியை சாட்சிக் கையொப்பமிட்டார். அவ்வுரிமையை மாநில அரசியலமைப்பிலிருந்தே நீக்க வந்தது எட்டாம் இலக்கப் பிரேரணை. அதே வாக்குச்சீட்டில் பராக் ஒபாமாவின் பெயரும் இருந்தது. அவர் பிரேரணையை எதிர்த்தவர். ஆனால் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியதென்பதே தம் நம்பிக்கை என்று அவ்வாண்டிற் கூறியவரும் அவரே. அன்றிரவு நாட்டின் முதலாவது கறுப்பின ஜனாதிபதி தெரிவானார்; கலிபோர்ணியாவில் அவர் பெற்ற ஆதரவு 61 சதவீதம். அதே மக்களில் 52 சதவீதத்தினர் எட்டாம் இலக்கப் பிரேரணையை நிறைவேற்றினர். ஒபாமாவுக்கு வாக்களித்தோரிற் கணிசமானோர் அவ்வாறு செய்திருந்தாலன்றி அது நிறைவேறியிராது.

அதனையடுத்து வந்த நாள்களில் தாராண்மைவாதிகள் சிலர் கறுப்பின வாக்காளரே தோல்விக்குக் காரணம் எனக் குற்றஞ்சாட்டினர். வாக்களித்து வெளியே வந்தோரிடம் எடுக்கப்பட்ட ஒரு கணிப்பையே அவர்கள் ஆதாரமாகக் கொண்டனர். பின்னர் நடந்த ஆய்வு அக்கணிப்பு மிகைப்பட்டதென்றும், இனத்தை விட மத ஈடுபாடே வாக்கைத் தீர்மானித்ததென்றும் எடுத்துக்காட்டியது. ஆய்வு வரும் முன்னரே ஆசிரியை அக்குற்றச்சாட்டை ஏற்க மறுத்தார். ஒரு சிறுபான்மையினர் தோற்றமைக்கு மற்றொரு சிறுபான்மையினரைப் பழித்தல், பெரும்பான்மையினருக்கு மிக வசதியான முடிவாகிவிடும் என்பது அவர் கருத்து. நண்பரோ எவரையும் பழிக்கவில்லை. தம் திருமணம் செல்லுமா செல்லாதா என்றறிய 2009 மே மாதம் வரை காத்திருந்தார். முன்னர் நடந்த திருமணங்கள் செல்லும் என்றும், இனி நடப்பதற்கில்லை என்றும் மாநில உயர் நீதிமன்றம் கூறியது.

அதன் பின்னர் மாற்றம் விரைந்து வந்தது. 2012 மே மாதத்தில் உப ஜனாதிபதி ஜோ பைடன் ஒருபாலார் திருமணத்துக்குச் சார்பாகப் பேசினார்; சில நாள்களில் ஒபாமாவும் தம் நிலையை மாற்றிக்கொண்டார். தலைவர்கள் வழிகாட்டினர் என்பதை விட, வாக்காளரைப் பின்தொடர்ந்தனர் எனக் கூறுதலே பொருந்தும். 1996 இல் கலப் கணிப்பில் 27 சதவீதமாயிருந்த ஆதரவு 2011 இல் பாதியைத் தாண்டியிருந்தது. 2012 நவம்பரில் மெயின், மேரிலன்ட், வாஷிங்ரன் ஆகிய மூன்று மாநிலங்களின் மக்கள் முதன்முதலாக வாக்களித்தே அத்தகைய திருமணத்தை ஏற்றனர். 2013 இல், நாற்பதாண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்த துணைவி இறந்தபோது மத்திய அரசு அவர்தம் திருமணத்தை ஏற்காமையால் 363,053 டொலர் வரி செலுத்த நேர்ந்த ஈடித் வின்சர் தொடுத்த வழக்கில், 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கிய பிரிவு வீழ்ந்தது. 2015 யூன் 26 ஆந் திகதித் தீர்ப்பு மிகுதியை நிறைவு செய்தது.

அத்தீர்ப்பும் 5 க்கு 4 என்பதே. பிரதம நீதியரசர் றொபேட்ஸ் மாறுபட்டு எழுதிய தீர்ப்பில், மக்கள் விவாதித்து முடிவுசெய்ய வேண்டியதை நீதிபதிகள் பறித்துக்கொள்வது அம்மாற்றத்தை ஏற்பதை மேலும் கடினமாக்கும் என வாதிட்டார். தாராண்மைவாதிகளிற் பலர் இதனைக் கேலிசெய்தனர். ஆசிரியை அவ்வாறு செய்யவில்லை. அவ்வாதம் நண்பரைப் போன்றோர் வாழ்நாள் முழுதும் காத்திருக்க வேண்டுமெனக் கோருவதால் அவர் அதனை ஏற்கவில்லை. ஆனால் நீதிமன்றம் தந்ததை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவும் கூடும் என்ற அச்சம் அவருக்கும் இருந்தது. 2022 யூன் மாதத்தில், ஏறத்தாழ அரை நூற்றாண்டாக நிலவிய கருக்கலைப்பு உரிமையை அதே நீதிமன்றம் நீக்கியபோது அவ்வச்சம் மெய்யாயிற்று. 2015 ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் மீள்பரிசீலனை செய்ய வேண்டும் என நீதியரசர் கிளறன்ஸ் தோமஸ் தனியே எழுதினார்.

இம்முறை காங்கிரஸ் காத்திருக்கவில்லை. திருமணங்களை மத்திய அரசும் பிற மாநிலங்களும் மதிக்க வேண்டும் என்ற சட்டம் செனற் சபையில் 61 க்கு 36 என்றும், பிரதிநிதிகள் சபையில் 258 க்கு 169 என்றும் நிறைவேறியது. செனற் சபையில் 12 பேரும் பிரதிநிதிகள் சபையில் 39 பேருமாகக் குடியரசுக் கட்சியினரும் ஆதரித்தனர். 2022 டிசெம்பர் 13 ஆந் திகதி அதிற் கையொப்பமிட்ட ஜனாதிபதி பைடன், 1996 இற் செனற்றராக இருந்து பழைய சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர். நண்பர் இதனைக் கண்டு கசந்தார். ஆசிரியைக்கு அது கசப்பளிக்கவில்லை. மனம் மாறியவரை வரவேற்காத இயக்கம் பெரும்பான்மையை ஒருபோதும் அடையாது என்றார்.

நான்காவது பிரேரணை 2024 நவம்பர் 5 ஆந் திகதி வந்தது. செயலிழந்த பின்னும் மாநில அரசியலமைப்பின் ஏட்டிலிருந்த எட்டாம் இலக்கப் பிரேரணையின் வாசகத்தை நீக்குவது அதன் நோக்கம். ஏறத்தாழ 63 சதவீதத்தினர் ஆதரித்தனர். 2008 இல் ஜனாதிபதித் தேர்தலில் மகிழ்ந்து பிரேரணையில் வருந்திய ஆசிரியை, இம்முறை பிரேரணையில் மகிழ்ந்து ஜனாதிபதித் தேர்தலில் வருந்தினார். டொனால்ட் ட்ரம்ப் அன்று மீண்டும் தெரிவானார்.

முடிவுகளைக் கண்ட நண்பர் பழைய கணித ஆசிரியராகவே பேசினார். 1978 இல் தமக்கு எதிராக வாக்களித்தோர் 42 சதவீதத்தினர். 2024 இல் 37 சதவீதத்தினர். நாற்பத்தாறு ஆண்டுகளில் ஐந்து சதவீதந்தானா என்றார். ஆசிரியை அக்கணக்கைத் திருத்தினார். இரு வாக்கெடுப்புகளும் கேட்டது ஒரே கேள்வியன்று. அன்று கேட்கப்பட்டது இவர் வேலை செய்யலாமா என்பது. இன்று கேட்கப்பட்டது இவருடைய திருமணம் அரசியலமைப்பில் மதிக்கப்படலாமா என்பது. 1978 இல் இரண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தால் அதனை விளங்கிக்கொண்டவர்களே சிலராயிருந்திருப்பர். முன்னேற்றத்தை விடைகளில் மாத்திரமன்றி வினாக்களிலும் அளந்தறிதல் வேண்டும்.

ஆயினும் இரு வினாக்களும் கேட்கப்பட்டிருக்கலாகாது என்பதில் அவர் கருத்து இன்றும் மாறவில்லை. கேட்கப்படுமாயின், விடையளிக்கத் தாம் அங்கிருத்தல் வேண்டும் என்பதிலும் மாறவில்லை. இவை ஒன்றோடொன்று பொருந்தாதன எனத் தருக்க நூலார் கூறக்கூடும். உரிமை வாக்கினாற் பிறப்பதில்லை. ஆனால் வாக்கின்றி அது நெடுநாள் வாழ்வதுமில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் சங்கடத்தைச் சகித்துக்கொண்டு, அடுத்த தேர்தலிலும் வாக்குச்சீட்டை நிரப்புவதே அந்த ஆசிரியை அறிந்த தாராண்மைவாதம்.